பவளத்துக்குக் கவாத்து

கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர் கடையில் முதலில் கேட்பது, "இது எவ்வளவு பெரிசா வளரும்?" என்றுதான். மீனைக் காட்டிக் கேட்டால் நேரான பதில் கிடைக்கும். கோமாளி மீன் எட்டு, பத்து சென்டிமீட்டரில் நின்றுவிடும். நீல டேங் 30 செ.மீ. வரை போகும், ஆகவே சின்னத் தொட்டிக்கு ஆகாது. பவளத்தைக் காட்டிக் கேட்டாலும் கடைக்காரர் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி வைப்பார். அந்த எண்ணை நம்பி வாங்கவும் வேண்டாம், பயந்து விடவும் வேண்டாம். பவளம் ஓர் அளவுக்கு வந்ததும் வளர்ந்து முடிந்துவிடும் உயிர் அல்ல.

நாம் ஒரு பவளம் என்று கையில் எடுப்பது பாலிப் என்னும் சின்னஞ்சிறு உயிர்கள் பல சேர்ந்த குடியிருப்பு. ஒவ்வொரு பாலிப்பும் ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள், அடியில் ஒரு வயிறு, அவ்வளவுதான். அது இரண்டாகப் பிரியும், அல்லது பக்கத்தில் இன்னொன்றை முளைவிடும். கடினப் பவளமானால் காலுக்கடியில் சுண்ணாம்பை அடுக்கிக்கொண்டே மேலே ஏறும். பாலிப்புக்கு அளவு உண்டு, குடியிருப்புக்கு இல்லை. 2024 இறுதியில் சாலமன் தீவுகளின் கடலில் ஒரே பவளக் குடியிருப்பு ஒன்றை நேஷனல் ஜியோகிராஃபிக் குழு கண்டறிந்தது. 34 மீட்டர் அகலம், 32 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் உயரம். பவோனா கிளேவஸ் என்ற இனம். வயது சுமார் 300 ஆண்டு, பாலிப்புகள் ஏறக்குறைய நூறு கோடி என்று கணக்கிட்டார்கள். அதில் உள்ள பாலிப் ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். அதே இனத்தின் இரண்டு சென்டிமீட்டர்த் துண்டு ஒன்றும் குறையில்லாத முழுப் பவளமே.

ஆகவே 60 லிட்டர்த் தொட்டியில் பெரிதாக வளரும் பவளம் வைக்கலாமா என்ற கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும். அது எவ்வளவு குடிக்கும்? எவ்வளவு தூரம் கை நீட்டும்? வெட்டினால் தாங்குமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் வளரும் அளவைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. தெரியாவிட்டால் சின்னதாகவே இருக்கும் பவளங்கூடத் தொட்டியைக் கவிழ்த்துவிடும்.

வெட்டுவதில் இருந்தே தொடங்கலாம், மற்ற இரண்டும் அதில் வந்து முடிவதால். முருங்கைப் போத்தை வெட்டி நட்டால் எப்படி இன்னொரு மரம் ஆகிறதோ, பெரும்பாலான பவளங்களும் அப்படியே. துண்டும் தாயும் மரபணுவில் ஒன்று, இரண்டுமே தொடர்ந்து வளரும். கடலில் புயல் இந்த வேலையைச் செய்கிறது. கிளைப்பவளக் காடுகள் பல, உடைந்து விழுந்த துண்டுகள் வேர்கொண்டவையே. தொட்டியில் இதைச் செய்து காட்டியவர்களில் பெர்லின் நகரத்து டீட்ரிச் ஸ்ட்யூபர் என்ற ஆர்வலரைச் சொல்ல வேண்டும். அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தை வீட்டில் வளர்க்கவே முடியாது என்று நம்பப்பட்ட காலத்தில், பாறையோடு ஒட்டி வந்த ஒரு சிறு துணுக்கை அவர் வளர்த்தெடுத்தார். பெரிதாகப் பெரிதாக வெட்டி நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் தங்கள் நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த ஒரே உயிரின் துண்டுகள் ஐரோப்பாவின் எத்தனையோ தொட்டிகளில் அவர் பெயராலேயே அறியப்பட்டன.

வெட்டு பவளத்துக்கு வேகமும் கொடுக்கிறது என்பது பின்னால் தெரிய வந்தது. ஃப்ளோரிடாவின் மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வாகன் மான்கொம்புப் பவளத்தை இடம் மாற்றும்போது தற்செயலாக உடைத்துவிட்டார். தொட்டியின் தரையில் ஒட்டிக்கொண்டிருந்த நொறுங்கல்கள் சில வாரங்களில் எதிர்பாராத வேகத்தில் பரவியிருந்தன. ஒரு சென்டிமீட்டர்த் துணுக்குகளாக அறுத்து அருகருகே ஒட்டினால், ஒவ்வொன்றும் காயத்தை ஆற்றும் முனைப்பில் விரிந்து, ஒரே தாயின் துணுக்கைத் தொட்டதும் பகைக்காமல் ஒன்றாக இணைந்துவிடுகிறது. அழிந்த பவளத்திட்டுகளை மீட்க இன்று இந்த முறை பயன்படுகிறது. சிறு தொட்டிக்காரருக்கு இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வெட்டிய விளிம்பு சும்மா இருக்காது. கவாத்து செய்தால் வளர்ச்சி அடங்கும் என்று எண்ணினால் சில மாதங்களில் பழைய அளவுக்கு மேலேயே வந்து நிற்கும்.

இனி தண்ணீர். சின்னத் தொட்டியில் இடம் தீர்வதற்கு வெகு முன்பே தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. அளவில் அல்ல, சரக்கில்.

60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு 65 லிட்டர் வரும். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி போக 50 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். கடல்நீரில் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவு கால்சியம் இருக்கிறது. அத்துடன் பைகார்பனேட், கார்பனேட் இரண்டும் சேர்ந்த காரத்தன்மை. தொட்டிக்காரர்கள் அதை டிகேஎச் என்ற அலகில் அளப்பார்கள். கடலில் ஏழுக்குச் சற்றுக் கீழே இருக்கும், தொட்டியில் ஏழில் இருந்து ஒன்பதுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். பவளம் இந்த இரண்டையும் எடுத்துச் சேர்த்துத்தான் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது. கட்டும் விகிதம் மாறாதது. ஒரு டிகேஎச் குறைந்தால் கால்சியம் 7 மில்லிகிராம் குறைந்திருக்கும்.

இந்த விகிதத்தைக் கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். காரத்தன்மை 8இல் இருந்து 5க்கு இறங்குகிறது என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது, பவளத்தின் நுனிகள் வெளுக்கத் தொடங்கும். அதே வேளையில் கால்சியம் 420இல் இருந்து 399க்குத்தான் வந்திருக்கும், நூற்றுக்கு ஐந்துதான் குறைந்திருக்கும். கால்சியத்தை மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நிற்பவர் பவளம் ஏன் சாகிறது என்று தெரியாமலே நிற்பார். ஒரே ஒரு சோதனைக் குப்பி வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் காரத்தன்மைக்கு உரியதை வாங்குங்கள்.

ஒரு டிகேஎச் என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமம். 50 லிட்டருக்கு 0.9 கிராம். அதாவது உங்கள் பவளங்கள் எல்லாமாகச் சேர்ந்து ஒரு நாளில் ஒரு கிராமுக்கும் குறைவான கல்லைக் கட்டினால் தொட்டியில் காரத்தன்மை ஒன்று இறங்கிவிடும். 500 லிட்டர்த் தொட்டியில் அதே பவளங்கள் அதே வேலையைச் செய்தால் பத்தில் ஒரு பங்குதான் இறங்கும், சோதனையில் தெரியக்கூடத் தெரியாது. பெரிய தொட்டிக்காரர் ஒரு வாரம் ஊருக்குப் போய்வரலாம். சின்னத் தொட்டிக்காரர் திரும்பும்போது 8 இருந்த இடத்தில் அபாய எல்லையைத் தாண்டிய ஓர் எண் நிற்கும்.

வளர்ச்சி இதை இன்னும் சிக்கலாக்குகிறது. மாண்டிபோரா போன்ற தட்டுப்பவளம் விளிம்பில் வளர்வது. 6 செ.மீ. விட்டம் 12 ஆகும்போது கண்ணுக்கு இரட்டிப்பு, பரப்புக்கு நான்கு மடங்கு. பரப்பு முழுக்கப் பாலிப்புகள் இருப்பதால் குடிப்பதும் ஏறத்தாழ அதே கணக்கில் ஏறும். கிளைத்துப் புதராகும் அக்ரோபோராவில் ஏற்றம் இன்னும் செங்குத்து. முதல் ஆறு மாதம் வாராந்தரத் தண்ணீர் மாற்றமே போதும் என்று இருந்துவிட்டு, எட்டாவது மாதத்தில் எல்லாம் ஒரேயடியாகக் குலைகிறது என்று வருந்துபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். எதுவும் திடீரென்று நடக்கவில்லை. நான்கு மடங்கு என்ற கணக்கு அதன் போக்கில் ஓடி வந்து சேர்ந்திருக்கிறது. பெரிதாக வளரும் பவளம் என்ற சொல்லில் நிஜமாகவே பயப்பட வேண்டியது இந்தப் பசிக்குத்தான்.

தண்ணீர் மாற்றத்தால் இதை ஈடுகட்ட முடியாதா? கணக்குப் போட்டால் தெரியும். காரத்தன்மை 6க்கு இறங்கிய தொட்டியில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு 8 உள்ள புதுநீரை ஊற்றினால் 6.2 ஆகும். வாரத்துக்கு 7 செலவாகும் இடத்தில் 0.2 வரவு. தண்ணீர் மாற்றுவது கழிவை வெளியேற்றவும் நுண்சத்துகளைப் புதுப்பிக்கவும் நல்லது. கல் கட்டுவதற்குத் தனியாகத்தான் போட வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கால்சியம் குளோரைடு ஒரு புட்டியிலும் சோடியம் கார்பனேட் இன்னொரு புட்டியிலும் கரைத்து, சிறு பம்பு வைத்துச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவது. இரண்டாவது வழி நமக்கு ரொம்பப் பழக்கமான பொருள். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். 1970களில் பீட்டர் வில்கென்ஸ் எழுதிப் பரப்பிய முறை இது. சுண்ணாம்பில் கால்சியமும் காரமும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் இருப்பதால் ஒன்று கூடி ஒன்று குறையும் தொல்லை இல்லை. ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக இதையே ஊற்றலாம். திறந்த தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியாவது சாதாரணம். உப்பு ஆவியாகாது என்பதால் ஒரு வாரம் நிரப்பாமல் விட்டால் ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்த உப்பு 40க்கு மேல் போய்விடும். ஆகவே நிரப்பியே தீர வேண்டிய அந்த ஒரு லிட்டரில் சுண்ணாம்பும் போய்ச் சேர்ந்தால் ஒரே வேலை.

ஆனால் அளவு முக்கியம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுண்ணாம்பு இரண்டு கிராமுக்கும் குறைவாகத்தான் கரையும். அப்படிக் கரைந்து தெளிந்த ஒரு லிட்டர், 50 லிட்டர்த் தொட்டியில் காரத்தன்மையைச் சுமார் இரண்டரை உயர்த்திவிடும். உங்கள் பவளங்கள் நாளுக்கு ஒன்று செலவழித்தால், பாதிக்கும் குறைவான செறிவில் கரைத்தாலே போதும். மொத்தமாக ஊற்றினாலும் கெட்டது. அதன் பிஎச் 12க்கு மேல். தொட்டியின் பிஎச் எட்டேகால் அளவுதான். இரவில் பிஎச் தானே இறங்கும், அப்போது சொட்டவிடுவது நல்லது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் வேறு என்னென்ன இருக்கிறதோ. தூய கால்சியம் ஹைட்ராக்சைடு தனியாகக் கிடைக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஒரு கிராமுக்கும் குறைவான கல்லை ஒரு நாளெல்லாம் கட்டும் உயிர் இது. அதைத் தூத்துக்குடிக் கடலில் இருந்து வெட்டிக் கொண்டுவந்து பல்லாண்டு காலம் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம், ஆலைகளுக்கும் அனுப்பினோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் 1986இல் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகும் வெட்டு நின்றுவிடவில்லை. அது ஓய 2005 ஆயிற்று. அலையைத் தாங்கிய பவளத்தடுப்பு போனதும் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் இறங்கிவிட்டன. 2001 முதல் எல்லாக் கடினப் பவளங்களும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. ராமேசுவரம் கரையில் ஒதுங்கிய துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் வில்லங்கமே. எனவே நான் இங்கே பேசுவது சட்டப்படி, உரிய தாள்களோடு, தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டுகள் விற்கப்படும் இடங்களின் பழக்கம். ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் அது நெடுங்கால வழக்கம். நம் ஊரில் கடினப் பவளம் வாங்க நினைப்பவர், விற்பவர் சொல்வதை நம்பி நின்றுவிடாமல் தாளைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, கை நீளம். பவளம் அசையாதது என்பதால் சாதுவானது என்று நினைக்கிறோம். பகலில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் வேறு காட்சி. யூஃபைலியா என்னும் கடினப் பவள இனங்கள் தங்கள் வழக்கமான உணர்கொம்புகளைவிடப் பல மடங்கு நீண்ட, நுனியில் கொடுக்குச் செல்கள் நிறைந்த கொம்புகளைத் தண்ணீர் ஓட்டத்தில் மிதக்க விடும். 15 செ.மீ. தூரத்தில் இருப்பதைத் தொட்டுச் சுட்டுவிடும். கலாக்ஸியா என்ற பவளம் அதைவிட நீட்டும். 30 செ.மீ. அகலத் தொட்டியில் 15 செ.மீ. என்பது பாதித் தொட்டி. இன்னொரு ஆயுதம் கண்ணில் படாதது. சில பவளங்கள் வயிற்றுக்குள் இருக்கும் செரிமான இழைகளை வெளியே தள்ளி, பக்கத்துப் பவளத்தை அது இருக்கும் இடத்திலேயே செரித்துவிடும். ஜுடித் லாங் என்ற ஆய்வாளர் 1970களின் தொடக்கத்தில் ஜமைக்காவில் இதை ஆராய்ந்து, எந்தப் பவளம் எதைத் தின்னும் என்று ஒரு வரிசையே போட்டார். அதில் ஓர் ஆச்சரியம் இருந்தது. மெதுவாக வளரும், சிறிய இனங்கள்தான் வரிசையின் உச்சியில் நின்றன. ஓடி வளர்பவனுக்கு ஆயுதம் குறைவு, மெதுவாக வளர்பவனுக்கு ஆயுதமே இடம். பெரிதாக வளருமா என்று மட்டும் விசாரித்து, வளராத ஒன்றை வாங்கி வருபவர் சில சமயம் வீட்டுக்குள் அழைத்து வருவது இந்த வரிசையின் தலைவரை.

மென்பவளங்களுக்குக் கொடுக்கு பலமில்லை. அவை மருந்து கலக்கும். சார்கோஃபைட்டான், சினுலேரியா போன்றவை டெர்பீன் வகைச் சேர்மங்களைத் தண்ணீரில் விடுகின்றன. தொட்டுக்கொள்ளாமலே அடுத்தவர் வளர்ச்சியை அவை தடுப்பதை கிரேட் பேரியர் ரீஃபில் 1980களில் பால் சம்மார்கோ, ஜான் கோல் குழுவினர் நிரூபித்தார்கள். கடலில் அந்தச் சரக்கை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். 50 லிட்டரில் எங்கே போகும்? செயலூட்டிய கரி ஒரு பையில் போட்டு, தண்ணீர் அதன் வழியே ஓடும்படி வைத்து, மாதாமாதம் மாற்ற வேண்டும்.

இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு மூன்று பவளங்களைப் பார்ப்போம். மூன்றும் கடலில் பெரியவை, மூன்றும் சின்னத் தொட்டிக்காரர்கள் ஆசைப்படுபவை, மூன்றின் தொல்லையும் வேறு வேறு.

சார்கோஃபைட்டானைக் குடைக்காளான் பவளம் என்று சொல்லலாம். தடித்த தண்டு, மேலே மடிப்பு மடிப்பான குடை, குடை முழுக்க நூல் நூலாகப் பாலிப்புகள். கடலில் குடை அரை மீட்டரைத் தாண்டும். பார்த்தால் மூன்றிலும் இதுதான் அதிகம் குடிக்கும் போலத் தோன்றும். உண்மை நேர்மாறு. இதற்குக் கல்லெலும்பு இல்லை, சதைக்குள் பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு முட்கள் மட்டுமே. காரத்தன்மையை இது அசைக்காது. தொல்லை நிழலும் மருந்தும். குடை விரிய விரிய அடியில் இருப்பவை இருட்டில் போய்விடும். இன்னொன்று, சில வாரங்களுக்கு ஒருமுறை இது பாலிப்புகளை உள்ளிழுத்து, மேலே மெழுகு பூசியது மாதிரி ஆகி, நாள்கணக்கில் சுருங்கிக் கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அது மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் உரிக்கிறது. தண்ணீர் ஓட்டம் அதன் மேல் படும்படி செய்தால் தோல் கழன்று விழுந்து புதுசாக விரியும்.

வெட்டுவதற்கு இதைவிட இணக்கமான பவளம் இல்லை. வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீரே நிரப்பிய வாளியில் வைத்து, கூர்மையான கத்தியால் குடையைத் தண்டில் இருந்து சீவி எடுக்கலாம். தண்டு மொட்டையாக நிற்கும். சில வாரங்களில் வெட்டிய இடம் ஆறி, ஓரத்தில் பாலிப்புகள் எட்டிப் பார்க்கும், மாதங்களில் புதுக் குடை. சீவிய குடையை அப்பளத் துண்டுகள் அளவில் நறுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு பவளம். பசை மட்டும் இதில் பிடிக்காது, ஒரே கோழை. பவளச் சில்லுகள் பரப்பிய கிண்ணத்தில் போட்டு, மேலே வலைத்துணி கட்டி, ஓட்டம் குறைந்த மூலையில் விட்டால் இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒரு சில்லைப் பிடித்துக்கொள்ளும். வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது, மருந்து முழுக்க அதில்தான் இருக்கும். தாயைத் திரும்ப வைத்த அன்றே கரியையும் புதிதாக மாற்றிவிடுவது உசிதம். என்னைக் கேட்டால், பெரிய பவளம் ஒன்றைச் சின்னத் தொட்டியில் முதன்முதலாக வைக்க விரும்புபவருக்கு இதையே சொல்வேன். ஒரே நிபந்தனை, அதைத் தொட்டியின் நாயகனாக வைத்து மற்றதை அதற்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். கல்லெலும்புப் பவளங்களை நெருக்கமாகச் சேர்க்கும் ஆசை இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

மாண்டிபோரா காப்ரிகார்னிஸ் மெல்லிய தட்டாகச் சுருண்டு சுருண்டு வளர்வது. சிவப்பு, பச்சை, ஊதா ஓரம் என்று பல நிறங்களில் கிடைக்கிறது. கொடுக்கு ஏறக்குறைய இல்லை, எவரோடும் சண்டைக்குப் போகாது, போனால் தோற்கும். குடிப்பதில் மட்டும் முதலிடம், மேலே சொன்ன நான்கு மடங்குக் கணக்கு இதற்கென்றே எழுதியது. மேல் தட்டு கீழ்த் தட்டை மறைக்கும். வெளிச்சம் படாத பகுதி வெளுத்துச் சாகும். சுருளின் நடுவில் ஓட்டம் நின்று குப்பை சேரும். கவாத்து எளிது. கையால் ஒடித்தாலே பிஸ்கட் உடைகிற சத்தத்தோடு வந்துவிடும். அடியைத் துடைத்து, ஜெல் வடிவச் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினால் சில நொடிகளில் பிடிக்கும். சின்னத் தொட்டியில் இதைத் தரைக்கு அருகில், ஓரக்கண்ணாடிப் பக்கமாக வைப்பதே வசதி. தலைக்கு மேலே தட்டு போடுவதற்கு அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஒடித்த அன்று பலர் மறப்பது ஒன்று உண்டு. பாதிப் பவளத்தை எடுத்துவிட்டால் குடிப்பதும் பாதியாகிவிட்டது. சுண்ணாம்புத் தண்ணீரோ புட்டி மருந்தோ பழைய அளவிலேயே இறங்கிக்கொண்டிருந்தால் காரத்தன்மை நாளுக்கு நாள் ஏறும். பவளத்துக்குக் குறைவைவிடத் திடீர் ஏற்றம் மோசம், நுனிகள் கருகி நிற்கும். கவாத்துக்கு அடுத்த நான்கைந்து நாள்கள் தினமும் சோதித்து, மருந்தைக் குறைத்துப் புது அளவு கண்டுபிடிக்க வேண்டும். பிறகு வளர்ச்சியோடு மறுபடியும் ஏற்றிக்கொண்டே போகலாம்.

மூன்றாவது யூஃபைலியா. நீளக் கைகள் காற்றில் ஆடும் இலைகளாக அசையும் டார்ச், சுத்தியல் தலை கொண்ட ஹேமர், தவளை முட்டைக் கொத்தாகத் தெரியும் ஃப்ராக்ஸ்பான் எல்லாம் தொட்டிக்காரர் வழக்கில் இந்தக் கூட்டம்தான். அழகில் இதற்கு ஈடு வேறு இல்லை என்பது என் கட்சி. இதை வாங்கும்போது எலும்பைப் பார்த்து வாங்க வேண்டும். கிளை கிளையாக, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு தலை என்று இருப்பது ஒரு வகை. சுவர் போல வளைந்து நீளமாக, ஒரே தொடர் சதையாக இருப்பது இன்னொரு வகை. கிளை வகையில் தலைக்குக் கீழே வெற்று எலும்பு இருக்கும். சதைக்கு ஓர் அங்குலம் கீழே எலும்பு வெட்டும் கத்தரியால் வெட்டினால் உயிருள்ள இடத்தைத் தொடாமலே ஒரு தலை தனியாக வந்துவிடும். சுவர் வகையை எங்கே வெட்டினாலும் சதை கிழியும். கிழிந்த சதையில் பழுப்பு நிறக் கூழாகச் சீழ் பிடித்து ஓரிரு நாளில் முழுப் பவளமும் போவது உண்டு. சின்னத் தொட்டிக்குக் கிளை வகை மட்டுமே என்று உறுதியாகச் சொல்லலாம்.

இடம் கணக்கிடும்போது எலும்பை அளக்காதீர்கள். மூன்று சென்டிமீட்டர்த் தலை பகலில் தண்ணீர் குடித்து உப்பிப் பன்னிரண்டு ஆகும். இரவுக் கொம்புகள் அதற்கும் வெளியே. அவை ஓட்டம் போகும் திசையில்தான் நீளும். ஆகவே யூஃபைலியாவைத் தொட்டியின் ஒரு கோடியில், ஓட்டம் போய் முட்டும் பக்கத்தில் வைத்தால் கொம்புகள் கண்ணாடியைத்தான் தடவும். ஹேமரும் ஃப்ராக்ஸ்பானும் பொதுவாக ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும். டார்ச்சை அவற்றோடு சேர்க்காமல் இருப்பது நல்லது. நான்கு தலைக்கு மேல் போகவிடாமல் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தால் 60 லிட்டரில் ஒரு யூஃபைலியா வருடக்கணக்கில் நிம்மதியாக இருக்கும்.

வெட்டும் வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பட்டன் மாதிரிப் பாறை முழுக்கப் படரும் சோயாந்திட், பாலித்தோவா இனங்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, ஹவாயில் 1971இல் பிரித்தறியப்பட்டது. அவை ஒட்டிய பாறையை வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்யப்போய், ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு கவாத்து தெரிந்தாலும் சின்னத் தொட்டிக்கு ஒத்துவராத பவளங்களும் உண்டு. ஒரே பாலிப்பாகத் தட்டு அளவுக்கு வளரும் ஃபங்கியா, ஹீலியோஃபங்கியா போன்றவற்றில் கத்தியை எங்கே வைத்தாலும் அந்த ஒரே பாலிப்பின் சதை கிழியும். கலாக்ஸியா வெட்டத் தாங்கும், ஆனால் அது இருக்கும் தொட்டியில் வேறெதுவும் இருக்க முடியாது. மஞ்சள் சூரியன் போல மலரும் டுபாஸ்ட்ரியாவுக்கு, வெளிச்சத்தில் உணவு தயாரித்துத் தரும் பாசி உடலுக்குள் கிடையாது, வெளிச்சத்தால் பிழைக்காது, ஒவ்வொரு வாயிலும் உணவு வைக்க வேண்டும். தின்றது போக மீந்தது 50 லிட்டரை அழுக்காக்கிவிடும்.

மூன்றாம் ஆண்டில் வேறு ஒரு சிக்கல் வரும். தொட்டியில் இடம் இருக்கும், வெட்டிய துண்டுகளுக்கு ஆள் இருக்காது. முதலில் நண்பர்கள் கேட்டு வாங்குவார்கள், பிறகு அவர்களிடமும் அதுவே நிறைந்திருக்கும். சில கடைகள் துண்டை எடுத்துக்கொண்டு உப்போ கரியோ கொடுக்கும். கடலுக்கு அருகில் வசிப்பவருக்கு அதைக் கடலிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. வெனிசுவேலாவின் மோச்சிமா தேசியப் பூங்காவில் இந்தோ-பசிபிக் மென்பவளமான யூனோமியா ஸ்டோலோனிஃபெரா இன்று உள்ளூர்ப் பவளங்களை மூடிப் படர்ந்திருக்கிறது. தொட்டி வணிகத்தின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. யாருக்கும் வேண்டாத துண்டை ஒரு நாள் முழுக்க உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கட்டி, குப்பையில் போடுங்கள். ஊறவைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் சாக்கடையில் கொட்டுங்கள்.